தோற்றவர்களின் முகம்: கலைஞர்கள் கண்ட கௌலியர்

பண்டைய கௌலியர் என்றவுடன் பெரும்பாலானோர் மனத்தில் எழுவது ஒரே உருவம்தான். வாயை மறைத்துத் தொங்கும் மீசை, தோளில் புரளும் செம்பட்டை முடி, சிறகு வைத்த தலைக்கவசம், சட்டையில்லாத அகன்ற மார்பு. இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்தின் ஒரு பகுதி, வட இத்தாலி ஆகிய நிலங்களில் இரும்புக் காலத்தில் வாழ்ந்து, கெல்திய மொழிகள் பேசி, ரோமானியரிடம் படிப்படியாகத் தோற்று, இறுதியாகக் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசரின் படைகளிடம் வீழ்ந்த பல்வேறு இனக்குழுக்களை இந்த ஒற்றை உருவத்துக்குள் அடைத்துவிட்டோம். அந்த உருவத்தின் ஒவ்வொரு கூறும் எப்போது, யார் கையால் சேர்ந்தது என்று தேடிப் பார்ப்பது எனக்கு நெடுநாளைய ஈடுபாடு. தேடத் தேட ஒன்று உறுதியானது: நாம் அறிந்த கௌலியன் அணிந்திருப்பது அவனைத் தோற்கடித்தவர்கள் தைத்துப் போட்ட உடை. பிற்காலத்தில் அவனை முன்னோன் என்று கொண்டாடியவர்களும் அந்த உடையைக் கழற்றவில்லை, அதற்குச் சரிகை வைத்தார்கள்.

இந்த வரலாற்றை ரோம் நகரின் கேப்பிடலைன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'இறக்கும் கௌலியன்' சிலையிலிருந்து தொடங்குவதே முறை. ஆளுயரத்தைவிடச் சற்றுப் பெரிய பளிங்கு உருவம். தன் கேடயத்தின் மீதே சரிந்து, வலக் கையைத் தரையில் ஊன்றி, தலையைத் தாழ்த்தி அமர்ந்திருக்கிறான். வலப்பக்க மார்பில் ஈட்டியோ வாளோ இறங்கிய காயம். அதிலிருந்து வழியும் குருதித் துளிகளையும் சிற்பி கல்லிலேயே செதுக்கியிருக்கிறார். உடலில் ஒரு நூல் துணி கிடையாது. கழுத்தில் மட்டும் கயிறுபோல் முறுக்கிய காறை ஒன்று, முன்பக்கம் திறந்த இரு முனைகளும் குமிழாக முடிய, இறுகக் கிடக்கிறது. காலடியில் வளைந்த ஊதுகொம்பு. முடியைப் பார்த்தால் அது இயல்பாக விழவில்லை. கற்றை கற்றையாகத் தடித்து, விறைத்து நிற்கிறது. மேலுதட்டில் மீசை, தாடையோ மழித்தது.

இந்த நுணுக்கங்கள் வெறும் கற்பனை அல்ல என்பதற்குக் கிரேக்க எழுத்தாளர்களே சாட்சி. கௌலியர் தம் முடியைச் சுண்ணாம்பு நீரில் கழுவி, நெற்றியிலிருந்து பிடரிவரை வழித்து வாரிவிடுவார்கள் என்று டியோடோரஸ் எழுதியிருக்கிறார். உயர்குடியினர் கன்னத்தை மழித்து மீசையை மட்டும் வளரவிடுவதால், குடிக்கும் பானம் வடிகட்டியில் இறங்குவதுபோல் மீசை வழியே இறங்கும் என்பதும் அவர் தரும் செய்தியே. அந்தச் சிலையைச் செய்தவர் கௌலியரை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும், அல்லது பார்த்தவர் சொன்னதை மிகக் கவனமாகக் கேட்டவராக இருக்க வேண்டும்.

நாம் இன்று காண்பது ரோமானியர் காலத்துப் பளிங்குப் படி. மூலச் சிலை இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமோன் நகரில், பெரும்பாலும் வெண்கலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பிய கௌலியக் கூட்டங்கள் கி.மு. 279இல் கிரேக்கத்தின் புனிதத் தலமான டெல்ஃபியைத் தாக்கின; அடுத்த ஆண்டு கடல் தாண்டி ஆசியா மைனருக்குள் புகுந்து அங்கேயே குடியேறின. பவுலின் நிருபத்தால் தமிழ் விவிலிய வாசகர்களுக்கும் பழக்கமான கலாத்தியா நாடு அவர்கள் பெயரால் அமைந்ததுதான். சுற்றியிருந்த அரசர்கள் அவர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டிருந்தபோது, பெர்கமோனின் முதலாம் அட்டலஸ் மறுத்தார், போரிட்டு வென்றார், அந்த வெற்றியின் பேரில் மன்னர் என்ற பட்டத்தையும் சூடிக்கொண்டார். அந்த வெற்றியைக் கொண்டாட எழுப்பிய நினைவுச் சின்னத்தின் பகுதிதான் இந்த வீரன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

என்னை எப்போதும் தடுத்து நிறுத்துவது இந்த இடம்தான். வெற்றிச் சின்னத்தில் வென்றவனைக் காணோம். தோற்றவன் மட்டுமே இருக்கிறான், அவனும் அழாமல், கெஞ்சாமல், தன் வலியைத் தானே பார்த்துக்கொண்டு இறக்கிறான். இதே தொகுதியோடு சேர்த்துப் பேசப்படும் மற்றொரு சிலை ரோமின் அல்டெம்ப்ஸ் மாளிகையில் இருக்கிறது. கௌலியன் ஒருவன் பகைவரிடம் சிக்கவிடாமல் தன் மனைவியைக் கொன்றுவிட்டு, சரியும் அவள் உடலை ஒரு கையால் தாங்கியபடி, மறு கையால் தன் கழுத்தெலும்புக்கு அருகே வாளை இறக்குகிறான். எதிரி எவ்வளவு பெரியவனோ வெற்றியும் அவ்வளவு பெரியது என்ற அரசியல் கணக்கு இதற்குள் இருப்பதை மறுக்க முடியாது. இருந்தும் கணக்கு மட்டுமே இத்தனை பரிவைச் செதுக்கிவிடாது என்று நான் நம்புகிறேன். இந்தக் கௌலியப் போர்களைச் சிலையாக்கியவர்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சிலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அவர்களில் எப்பிகோனஸ் என்பவரின் படைப்புகளாக ஓர் ஊதுகொம்புக்காரனையும், கொல்லப்பட்ட தாயைத் தடவிக்கொண்டிருக்கும் குழந்தையையும் அவர் சொல்கிறார். அந்தத் தாயும் குழந்தையும் நமக்குக் கிடைக்கவில்லை.

பரிவு ஒருபுறம் இருக்க, இந்தச் சிற்பங்கள் விதைத்த பிழையும் பெரிது. அது நிர்வாணம். கி.மு. 225இல் இத்தாலியின் தெலமோனில் நடந்த போரை வருணிக்கும் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ், கைசட்டே என்ற கூலிப்படையினர் மட்டுமே ஆடையைக் களைந்து முன்வரிசையில் நின்றார்கள் என்றும், அதே களத்தில் நின்ற இன்சுப்ரேஸ், போயீ இனத்தார் கால்சட்டையும் மேலாடையும் அணிந்திருந்தார்கள் என்றும் தெளிவாகப் பிரித்துச் சொல்கிறார். கிரேக்கச் சிற்ப மரபில் நிர்வாணம் வீரர்களுக்கும் தெய்வங்களுக்கும் உரியது என்பதால், ஒரு பிரிவின் வழக்கம் எளிதாக ஓர் இனத்தின் அடையாளமாகிவிட்டது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் பெர்கமோன் அரச வம்சம் நிறுவிய சிறிய சிலைத் தொகுதியில் கௌலியருக்குக் கிடைத்த இடம் இன்னும் வெளிப்படையானது. கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியாஸ் தரும் விவரப்படி, தேவர்களிடம் தோற்ற அசுரர்கள், அமேசான் பெண்கள், மாரத்தானில் தோற்ற பாரசீகர்கள் ஆகியோரின் வரிசையில் நான்காவதாகக் கௌலியர் வைக்கப்பட்டார்கள். நேற்று நடந்த போரின் எதிரி, புராணப் பகைவரின் வரிசையில் சேர்ந்துவிட்டான்.

ரோமானியக் கலையில் அந்தப் பரிவு பெரும்பாலும் வற்றிவிடுகிறது. இத்தாலியின் சிவிடால்பாவில் கிடைத்த கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சுடுமண் புடைப்புச் சிற்பங்களில், கோயிலைக் கொள்ளையடித்த கௌலியர் தெய்வங்களிடம் அடிபட்டுப் பாத்திரங்களைத் தவறவிட்டு ஓடுகிறார்கள். தெற்குப் பிரான்ஸின் கிளானும் வளைவில் கைகள் கட்டப்பட்ட கைதிகளாக நிற்கிறார்கள். இவற்றில் அளவில் மிகச் சிறியதே என்னை மிகவும் உறுத்துகிறது. கி.மு. 48இல் ஹோஸ்டிலியஸ் சசெர்னா என்ற ரோமானிய அதிகாரி அச்சடித்த தினாரியஸ் வெள்ளிக் காசில் ஒரு கௌலியத் தலை இருக்கிறது. ஒட்டிய கன்னம், கூர்த்த தாடி, காற்றில் பின்னோக்கிப் பறப்பதுபோல் விறைத்த முடி, கழுத்தில் சங்கிலி, தலைக்குப் பின்னால் ஒரு கேடயம். சீசரிடம் கி.மு. 52இல் அலேசியாவில் சரணடைந்து, ரோமில் சிறையில் கிடந்த அர்வெர்னி என்ற கௌலிய இனத்தின் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸின் முகம் இதுதான் என்று பலர் சொல்வதுண்டு. அதற்கு ஆதாரம் ஏதும் காசில் பொறிக்கப்படவில்லை. கைதியின் பொது உருவமாகவும் இருக்கலாம்.

இந்தக் காசுக்கு அருகே அதே வெர்சிங்கெடோரிக்ஸின் பெயரைத் தாங்கிய தங்கக் காசு ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். போர் நடந்துகொண்டிருந்தபோது கௌலியரே அச்சடித்தது அது. அதில் இருப்பது சுருள் முடியும் மழித்த முகமும் கொண்ட ஓர் இளைஞனின் தலை. மீசை இல்லை, தாடி இல்லை, விறைத்த முடியும் இல்லை. மறுபக்கத்தில் ஓடும் குதிரை. கிரேக்கத்தின் அப்போலோ தெய்வ உருவத்தை ஒட்டி அமைந்த தலை என்பதால் இதையும் அவனுடைய நேர்முகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு தலைவன் தன் பெயருக்குப் பக்கத்தில் எந்த முகத்தை வைக்க விரும்பினான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் நம்மிடம் இல்லை. அவன் தெய்வமாகத் தெரிய விரும்பினான். ரோமானியக் காசு ஒரு கௌலியத் தலைக்குச் சங்கிலி மாட்டியது. இரண்டுக்கும் இடையே சில ஆண்டுகளே இடைவெளி.

கௌலியரின் சொந்தக் கலை மனித உருவத்தை நகலெடுப்பதில் பெரிய ஆர்வம் காட்டவில்லை என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. அவர்களுடைய காசுகள் மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் தங்கக் காசைப் பார்த்தே தொடங்கின. ஒரு பக்கம் அப்போலோ தலை, மறு பக்கம் தேர். தலைமுறைகள் போகப்போக அந்தத் தலை கரைந்து, முடிச்சுருள்கள் அலைகளாகவும் கண் ஒரு தனிப் பந்தாகவும் மாற, தேர் சிதறிச் சக்கரம் தனியே, குதிரை தனியே மிதக்கத் தொடங்கிவிட்டது. பாரிசீ இனத்தார் வெளியிட்ட தங்கக் காசுகளை உருப்பெருக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நகலெடுக்கத் தெரியாதவர்களின் தடுமாற்றம் என்று முன்பு இதை ஒதுக்கினார்கள். அவ்வளவு துல்லியமான வளைவுகளைச் சிறு அச்சில் வெட்டிய கைக்குத் தடுமாற்றம் ஏது? இயற்கையைப் பார்த்து வரைவதைவிடக் கோட்டின் ஓட்டத்தைத் தொடர்வதே அந்தக் கலைஞர்களுக்கு முதன்மையாக இருந்திருக்கிறது.

அவர்கள் கல்லில் மனிதரைச் செதுக்கியபோதும் சதையின் மென்மையை விட்டுவிட்டு அமைதியான, இறுகிய வடிவங்களையே தேர்ந்தார்கள். வடமேற்குப் பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் உள்ள பவுல் என்ற ஊரில் 1988இல் கிடைத்த சிறு சிலையில் ஒருவர் யாழ் போன்ற ஓர் இசைக்கருவியை மார்போடு அணைத்திருக்கிறார், கழுத்தில் காறை. போர் வீரனே கௌலியன் என்று பழகிய கண்ணுக்கு இந்த இசைக்கலைஞர் ஒரு நல்ல மாற்று மருந்து. தென்கிழக்குப் பிரான்ஸின் வஷேரில் கிடைத்து இன்று அவிஞ்ஞோனின் கால்வே அருங்காட்சியகத்துக்கு உரியதாக இருக்கும் வீரன் சிலை ரோமானியத் தாக்கம் படிந்த காலத்தது. குட்டை முடி, மழித்த முகம், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த கவசச் சட்டை, அதன் மேல் கனத்த போர்வை, நீண்ட வாள், கேடயம், கழுத்தில் காறை. வளையக் கவசத்தைக் கண்டுபிடித்தவர்களே கௌலியர்தான் என்று ரோமானிய அறிஞர் வர்ரோ எழுதியிருக்க, அவர்களை அம்மணமாகவே போருக்கு அனுப்பிய கலைமரபு எவ்வளவு ஆழமாக வேரூன்றியது பாருங்கள். அதற்காக மீசையையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. இன்றைய செக் நாட்டின் ம்ஷெட்ஸ்கே ஷெஹ்ரோவிட்செ என்ற ஊரில் கிடைத்த புகழ்பெற்ற கெல்தியக் கல் தலையில் நுனி சுருண்ட மீசை அழகாகவே இருக்கிறது. மீசை வைத்தவர்களும் இருந்தார்கள், மழித்தவர்களும் இருந்தார்கள்.

இடைக்காலத்தில் கௌலியர் கலையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனார்கள். பிரெஞ்சு அரச குலம் தன் மூலத்தை ட்ரோய் நகரத்தில் தேடிக்கொண்டிருந்த காலம் அது. சீசரின் போர்களைச் சொல்லும் ஓவியச் சுவடிகளில் கௌலியர் அந்தந்த நூற்றாண்டின் இரும்புக் கவசம் பூண்ட குதிரை வீரர்களாகவே தோன்றுகிறார்கள். பின்னர் வந்தவர்கள் ட்ரூயிட் எனப்படும் கெல்தியப் பூசாரிகளைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளாடை அணிந்த பூசாரி ஓக் மரத்தில் ஏறிப் பொன் அரிவாளால் புல்லுருவியை அறுக்கும் காட்சி பிளினியின் ஒரு பத்தியிலிருந்து வந்தது. அந்த ஒரு பத்தியே பிற்கால ஓவியங்களுக்கும் இசைநாடக மேடைகளுக்கும் போதுமானதாக இருந்தது.

'இறக்கும் கௌலியன்' சிலையே கூட அக்காலத்தில் தன் பெயரை இழந்திருந்தது. 1623ஆம் ஆண்டின் லுடோவிசிக் குடும்பச் சொத்துப் பட்டியலில் முதன்முதலாகப் பதிவான அது, வெகுகாலம் இறக்கும் கிளாடியேட்டர், அதாவது ரோமானிய அரங்குகளில் சண்டையிட்ட வீரன், என்றே அறியப்பட்டது. 1797இன் டொலெண்டினோ உடன்படிக்கைப்படி நெப்போலியனின் ஆட்கள் அதைப் பாரிஸுக்குக் கொண்டுசென்றபோதும் அது கிளாடியேட்டர்தான். 1818இல் ஆங்கிலக் கவிஞர் பைரன் பாடியதும் கிளாடியேட்டரைத்தான். கௌல் மண்ணின் தலைநகரில் அந்தச் சிலை சில ஆண்டுகள் இருந்தும், ஒரு கௌலியனாக அதை யாரும் கொண்டாடவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. காறையையும் மீசையையும் கொண்டு அவன் யாரென்று அறிஞர்கள் நிறுவிய பிறகே அவனுக்கு அடையாளம் திரும்பியது.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாக மாறியது. புரட்சிக்குப் பின் பிரெஞ்சு மக்கள், அரச குலத்தாரின் முன்னோரான ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இனத்தாரை விட்டு, பொதுமக்களின் முன்னோராகக் கௌலியரைத் தேடிப்போனார்கள். மூன்றாம் நெப்போலியன் 1861 முதல் அலேசியாவில் அகழாய்வு நடத்தினார். சான் ஜெர்மான் ஆன் லேயில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தை 1867இல் திறந்துவைத்தார். சீசரைப் போற்றி ஒரு நூலும் எழுதினார். அதே பேரரசர்தான் சீசரிடம் தோற்றவனுக்கு அலேசியாக் குன்றின் மேல் 1865இல் மாபெரும் சிலையும் வைத்தார். சிற்பி எமே மியே செம்புத் தகட்டை அடித்து எழுப்பிய அந்த வெர்சிங்கெடோரிக்ஸ் 6.6 மீட்டர் உயரம். பீடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் வியோலே லெ டுக். வாளின் மேல் கையூன்றி, நீண்ட முடியும் தொங்கு மீசையுமாக, கீழே விரியும் சமவெளியைத் துயரத்தோடு பார்த்து நிற்கிறான்.

அருகில் சென்று அவன் அணிகலன்களை ஆராய்ந்தால் ஒரு விந்தையான கலவை தெரியும். வாள் அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய வெண்கலக் காலத்து மாதிரி. கழுத்தில் காறைக்குப் பதிலாக முத்துமாலை, காலில் குறுக்கும் நெடுக்கும் சுற்றிய பட்டைகள். இவை அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தைய ஃபிராங்க் காலத்தவை. முகமோ இளமைக்கால மூன்றாம் நெப்போலியனின் சாயல் என்று அன்றிலிருந்து இன்றுவரை சொல்லப்படுகிறது. பீடத்தில், ஒன்றுபட்ட கௌல் ஒரே தேசமாய் ஒரே உணர்வோடு நின்றால் உலகையே எதிர்க்கலாம் என்ற பொருளில் சீசரின் நூலைத் தழுவிய வரிகள். நான்கு திசைக்குச் சிதறிக்கிடந்த இனக்குழுக்களின் ஓராண்டுக் கூட்டணியை 19ஆம் நூற்றாண்டுத் தேசமாக அந்தச் சிலை ஆக்கிவிட்டது. இவ்வளவும் தெரிந்தே நான் அதை விரும்புகிறேன். அந்தக் குனிந்த தலையில் பெர்கமோன் சிற்பியின் பாடம் இருக்கிறது.

1870இல் பிரஷ்யாவிடம் தோற்ற பிறகு பிரான்ஸுக்குத் தோற்றும் தலைகுனியாத ஒரு வீரன் தேவைப்பட்டான். வரலாற்றில் சீசர் தன் நூலில் அந்தச் சரணடைதலை மிகச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறார்: வெர்சிங்கெடோரிக்ஸ் ஒப்படைக்கப்பட்டான், ஆயுதங்கள் எறியப்பட்டன, அவ்வளவுதான். சிறந்த கவசம் பூண்டு, அலங்கரித்த குதிரையில் சீசரைச் சுற்றிவந்து, இறங்கிக் கவசத்தைக் களைந்து காலடியில் அமர்ந்தான் என்பது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் காட்சி. 1899இல் ஓவியர் லியோனல் ருவாயே ஏறத்தாழ ஐந்து மீட்டர் அகலத் திரையில் தீட்டியது புளூட்டார்க்கின் காட்சியைத்தான், அதுவும் அவன் குதிரையிலிருந்து இறங்குவதற்கு முந்தைய நொடியை. வெள்ளைக் குதிரை மேல் நிமிர்ந்த தலைவன், அமர்ந்திருக்கும் சீசரின் முன் ஆயுதங்களை வீசுகிறான். ஓவியத்தில் யார் வென்றவர் என்றே குழப்பம் வரும். லெ புய் ஆன் வெலேயில் இருக்கும் அந்த ஓவியம் பாடநூல்களில் இடம்பெற்று, தலைமுறைகளின் நினைவில் வரலாற்று நிகழ்ச்சியாகவே பதிந்துவிட்டது. 'நம் முன்னோர்களான கௌலியர்' என்ற பாடம் பிரான்ஸின் காலனிப் பள்ளிகளிலும் ஒலித்தது.

எல்லாம் அந்தத் தரத்தில் இல்லை. 1893இல் பால் ஜமான் தீட்டிய ஓவியத்தில் கௌலியத் தலைவன் பிரென்னஸ் சூறையாடிய பொருள்களோடு கட்டுண்டு கிடக்கும் நிர்வாணப் பெண்களை வாசலில் நின்று பார்க்கிறான். வரலாற்றின் பெயரால் வரவேற்பறைக்குள் நுழைந்த இச்சை அது. அதில் கௌலியரைப் பற்றி அறிய ஒன்றுமில்லை. சுதந்திர தேவி சிலையைச் செய்த பார்த்தோல்டியின் கதை வேறு. அவர் பிறந்த கோல்மார் 1871இல் ஜெர்மனியின் வசமாகிவிட்டது. கிளேர்மோன் ஃபெரானின் ஜோட் சதுக்கத்தில் 1903இல் திறக்கப்பட்ட அவருடைய வெர்சிங்கெடோரிக்ஸ், வீழ்ந்த ரோமானியனைத் தாண்டிக் குதிரையில் பாய்கிறான். அனைவரின் விடுதலைக்காகவும் ஆயுதம் ஏந்தினேன் என்று பீடம் பேசுகிறது. அவன் தலையில் சிறகு வைத்த கவசம்.

அந்தச் சிறகுகளுக்குக் கௌல் மண்ணில் உறுதியான அடிப்படை இல்லை. தலைக்கவசங்களில் கொம்புகளும் பறவை, விலங்கு உருவங்களும் இருந்ததாக டியோடோரஸ் சொல்கிறார். ருமேனியாவின் சியூமெஷ்டியில் கிடைத்த கெல்தியக் கவசத்தின் உச்சியில் சிறகை விரித்த வெண்கலப் பறவையே உட்கார்ந்திருக்கிறது. கவசத்தின் இருபுறமும் சிறகு முளைத்த வடிவத்தைப் பரப்பியவர்கள் 19ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள். பின்னர் அது சிகரெட் பெட்டியில் ஏறியது. 1959 அக்டோபரில் கொசினியும் உடெர்சோவும் படைத்த ஆஸ்டெரிக்ஸின் தலையிலும் ஏறியது. அந்தச் சித்திரக்கதைகள் மீது எனக்குத் தீராத அன்பு உண்டு. அதில் ஒபெலிக்ஸ் சுமக்கும் நெடுங்கற்கள் கௌலியருக்குச் சில ஆயிரம் ஆண்டுகள் முந்தைய புதிய கற்காலத்தவை என்பது அந்த அன்பைக் குறைப்பதில்லை. வென்றவரின் கோணத்தைத் திருப்பிப்போட்டு, ரோமானியர் பறக்கக் கௌலியர் சிரிக்கும் உலகத்தை வரைந்தவர்கள் அவர்கள்.

இத்தனை நூற்றாண்டுகளிலும் கலைஞர்கள் அதிகம் திரும்பிப் பார்க்காத ஒரு பக்கம் உண்டு என்பதே என் குறை. கௌலியர் தேர்ந்த உழவர்கள், கொல்லர்கள், மரத்தச்சர்கள். பெல்ஜியத்தின் பியூசெனோலில் 1958இல் கண்டெடுத்த ரோமானியக் காலப் புடைப்புச் சிற்பத்தில், பிளினி குறிப்பிட்ட கௌலிய அறுவடை வண்டி இருக்கிறது: முன்பக்கம் பல் வைத்த பெட்டி, அதைக் கதிருக்குள் தள்ளிச் செல்லும் விலங்கு, முன்னால் நின்று கதிர்களை ஒழுங்குபடுத்தும் ஆள். தெற்குப் பிரான்ஸின் கப்ரியேர் டேக் என்ற ஊரில் கிடைத்த மற்றொன்றில், படகில் இரண்டு மரப்பீப்பாய்கள் கிடக்க, கரையில் ஆட்கள் தோளில் கயிற்றைப் போட்டு உடலை முன்னே வளைத்து அதை இழுக்கிறார்கள். இவை ரோமானிய ஆட்சியில் செதுக்கியவை என்றாலும் அந்த மண்ணின் உழைப்பை அந்த மண்ணிலேயே பதிந்தவை. அலேசியாவுக்கு ஓவியர்கள் கொடுத்த இடத்தில் ஒரு சிறு பங்கையாவது இந்தப் படகோட்டிகளுக்கும் பீப்பாய் செய்தவர்களுக்கும் அவர்கள் கொடுத்திருக்க வேண்டும். இன்றைய அகழாய்வாளர்களோடு அமர்ந்து வீடுகள், பட்டறைகள், சந்தைகள் என்று வரையும் புதிய ஓவியர்கள் அந்த வேலையைத்தான் இப்போது தொடங்கியிருக்கிறார்கள்.